குளிர் பிளக்கும் என் நாத்தனாரும்

கார் சாகிற சத்தம் எனக்குக் கடைக்குள்ளிருந்தே கேட்டது.

சாவதற்கு முன்னால் அது இரண்டு தடவை இருமும். அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் ஒன்றும் கேட்காது. அடுத்த நொடியில் பின்னால் நிற்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பிக்கும்.

சர்க்கரை ஆலை ஓடுகிற மாசம் அது. கள்ளக்குறிச்சிக்குள் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. என் கடைக்கு எதிரே ஒரு டிராக்டர், இருபதடி பின்னால் இன்னொன்று. நடுவில், டிராக்டரின் பின்சக்கர உயரம்கூட வராத ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. அந்தக் கூரையில் கரும்புத் தோகை விழுந்து கிடந்தது.

உள்ளே என் நாத்தனார் ஜெசிந்தா. வயது ஐம்பத்தெட்டு. கஞ்சி போட்ட காட்டன் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கார் கர் கர் என்றது, பிடிக்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கு அன்றைய பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. ஜெசிந்தா நர்ஸாக இருந்தவள் என்பது ஊருக்கே தெரியும்.

"இன்னாங்க சிஸ்டர், கரும்பு வாசனைக்கு வண்டி மயங்கிடுச்சா?"

"ஒரு ஊசி போட்டுப் பாருங்க சிஸ்டர், எழுந்துக்கும்!"

"வண்டி மேல தப்பு இல்லப்பா. அத்த ஓட்டத் தெரியணும்."

நான் கடையை விட்டு இறங்கினேன். "சிரிச்சிக்கினு குந்தியிருக்கறதுக்கு வந்து தள்ளுங்கடா. டீ குடிச்ச தெம்பு இருக்குதில்ல?" என்று கத்தினேன். நாலு பேர் வந்தார்கள். காரை என் கடையோரம் நிழலில் கொண்டுவந்து விட்டார்கள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்த நாலு பேரும் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு நிற்கும்போதே ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னேன்: "கிளட்சை ஒழுங்கா விடுன்னு எத்தினி தபா சொல்றது? மாட்டு வண்டி ஓட்டற மாதிரி ஓட்டினா நிக்காம இன்னா பண்ணும்?"

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார் நின்றதற்கு அவள் காரணமில்லை. நான்தான் காரணம். அந்த நிமிஷத்தில் அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இந்த வாரம் எழுத வேண்டியது அதைத்தான்.

கவுண்டருக்குப் பின்னால்

போன வாரம் இந்தப் பத்தியில் லாரிப் பட்டறைகளைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டு போனார்கள், அதனால் எனக்குக் கோபமில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் முப்பது வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவள். என் வீட்டுக்காரர் அருள், சங்கராபுரத்தில் அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடை என்னுடையது. வாயும் என்னுடையது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் பிளக் தர மாட்டேன்.

"அக்கா, ஒரு பிளக்கு."

"இன்னா வண்டிக்கு?"

"நம்ம வண்டிக்குத்தான்க்கா."

"நம்ம வண்டியா? நீயும் நானும் எப்படா சேர்ந்து வண்டி வாங்கினோம்?"

இப்படி ஆரம்பித்து, எங்கே ஓட்டுகிறான், மெதுவாகவா வேகமாகவா, எவ்வளவு சுமை, மலைக்குப் போகிறானா என்று எல்லாவற்றையும் கேட்பேன். மருந்துக் கடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று திட்டுவார்கள். திட்டிவிட்டு மறுபடியும் என்னிடமே வருவார்கள். தப்பான பிளக் கொடுத்தேன் என்று ஒருத்தன் என் கடைப் படி ஏறியதில்லை. இதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சூட்டு பிளக், குளிர் பிளக்

பிளக் என்றால் தீப்பொறி வைக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பிளக்குக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இன்ஜினுக்குள் எரிகிற நெருப்பில் அதன் முனை எப்போதும் கிடக்கிறது. அந்தச் சூட்டை முனையிலிருந்து இழுத்து இன்ஜின் உடம்புக்குக் கடத்திவிட வேண்டும். சில பிளக் மெதுவாகக் கடத்தும், முனை சூடாகவே இருக்கும். அது சூட்டு பிளக். சில பிளக் சட்டென்று கடத்திவிடும். அது குளிர் பிளக். உள்ளே இருக்கிற வெள்ளைப் பீங்கானைப் பார்த்தாலே தெரியும். நீளமாக இருந்தால் சூடு, குட்டையாக இருந்தால் குளிர்.

மெதுவாகப் போகிற வண்டிக்கு முனை கொஞ்சம் சூடாக இருந்தால்தான் அதில் படிகிற கரி தானாக எரிந்து போகும். இன்ஜினை உச்சத்துக்கு ஓட விடுகிற வண்டிக்கு முனை குளிர வேண்டும். குளிராவிட்டால் முனை தணல் மாதிரி சிவந்துபோய், பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழும். இன்ஜின் காலி.

ஆக, பிளக் எந்த வண்டிக்கு என்பதை விட அந்த வண்டி எப்படி வாழ்கிறது என்பதுதான் கேள்வி.

இதை நம் ஊரில் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஒருவர் மார்கழி பிறந்தால் வந்து நிற்பார். "மலையில குளிரு ஜாஸ்திங்க. சூட்டு பிளக்கா குடுங்க." நான் கேட்பேன்: "அது பிளக்கா, ஸ்வெட்டரா?" அவர் சிரிப்பார். அடுத்த மார்கழிக்கும் அதையேதான் கேட்பார்.

இன்னொன்று உப்புத்தாள். மரம் தேய்க்கிற தாள்தான். பிளக் மக்கர் செய்தால் கழற்றி, உப்புத்தாளில் நாலு இழு இழுத்து, கல்லில் லேசாகத் தட்டி இடைவெளியைச் சரிசெய்து மாட்டிவிடுவது எங்கள் பக்கத்து வைத்தியம். எங்கள் பாதிரியாரின் ஸ்கூட்டர் டிக்கியில்கூட ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு உப்புத்தாள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய பிளக்குக்கு அது சரி. முனை தடியாக இருக்கும், தாங்கும்.

மூணாவது ஆளே வேணாம்

ஜெசிந்தா வளைகுடா நாட்டில் இருபத்து நாலு வருஷம் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்தில் ஆகாது. என் கல்யாணத்தன்று என் புடவை நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். பத்து வருஷம் அதை மனதில் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு எனக்குப் பல்லு வலி அண்ணி" என்றாள். பத்து வருஷக் கோபம் வீண்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் இந்த மாதிரிக் கார் இருந்ததாம். காலை டூட்டி முடிந்து வெளியே வரும்போதெல்லாம் நின்று பார்ப்பாளாம். ஒரு நாள் அந்த டாக்டரம்மா அவளை ஹாஸ்டல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"ஆறாயிரம் தாண்டினதும் சத்தமே வேற மாதிரி ஆயிடிச்சு அண்ணி. அதுவரைக்கும் அழுதுக்கினு இருந்தது பாட ஆரம்பிச்ச மாதிரி" என்று என்னிடம் சொன்னாள். இன்ஜின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓடுகிற கார் எதையும் நான் கேட்டதில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

ஊர் திரும்பி இரண்டாவது வருஷம், பெங்களூரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அதே மாதிரிக் காரை வாங்கிவிட்டாள். வீட்டு வாசலில் அது நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ரெண்டு பேரு குந்தறதுக்கு ஒரு காரா? மூணாவது ஆளு எங்க குந்துவான்?"

"மூணாவது ஆளே வேணாம்னுதான் அண்ணா வாங்கினேன்."

அன்றைக்கு எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயங்கள் என் வாயில் வராது.

நான் சொன்னேன், அவள் போட்டாள்

காரோடு வந்த பிளக்குகள் தேய்ந்திருந்தன. "நீங்களே பார்த்து நல்லதாப் போடுங்க அண்ணி" என்று என்னிடம் விட்டுவிட்டாள்.

ஒன்பதாயிரம் சுற்று வரைக்கும் போகிற இன்ஜின். எனக்குக் கை பரபரத்தது. கோயம்புத்தூரில் பந்தயக் கார் தயார்செய்கிற ஒருவரின் நம்பரைத் தேடி வாங்கிப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கம்பெனி பிளக்கைவிட ரெண்டு படி குளிரா போடுங்க. இல்லன்னா பிஸ்டன் போயிடும்." முனையில் இரிடியம் என்கிற விலை உயர்ந்த உலோகம் வைத்த பிளக் நாலு வரவழைத்தேன். ஊசி மாதிரி மெல்லிய முனை. பக்கத்துத் தெரு மெக்கானிக் காதர் மாட்டிக் கொடுத்தான்.

ரோட்டில் போகிற மொபெட்காரனிடம்கூட நாலு கேள்வி கேட்டுத்தான் பிளக் தருகிறவள் நான். என் நாத்தனாரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கே ஓட்டுகிறாய், எப்படி ஓட்டுகிறாய், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எனக்கே கொஞ்சம் தலை கிறங்கிவிட்டது.

பத்து நாளில் மூன்று தடவை நின்றது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு தடவை. ஆஸ்பத்திரி முன்னால் ஒரு தடவை. மூன்றாவது என் கடை முன்னால். மூன்று தடவையும் கிளட்ச் என்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காதர் பிளக்குகளைக் கழற்றி ஒரு பேப்பரில் வைத்துக் கொண்டுவந்தான்.

"இத்த பாருங்கக்கா."

நாலும் அடுப்புக்கரி.

"பிஸ்டன் ரிங்கு போயிருக்குமோ?" என்றேன். பழியை எதன் மேலாவது போட வேண்டுமே.

"ரிங்கு போனா ஆயிலு பிசுபிசுன்னு இருக்கும். இது காஞ்ச கரிக்கா. ஊருக்குள்ள ஊர்ற வண்டிக்கு இந்தப் பிளக்கு குளிரு ஜாஸ்தி. கரி எரியவே மாட்டேங்குது."

அவன் சொன்னது சரி. சொன்ன நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெசிந்தா கிட்ட ஒன்னும் சொல்லாத. நான் பார்த்துக்கறேன்."

காதர் என்னை ஒரு பார்வை பார்த்தான். "நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்" என்று போய்விட்டான். முப்பது வருஷத்தில் யாருடைய பார்வைக்கும் நான் தலையைக் குனிந்ததில்லை. அன்றைக்குக் கல்லாவில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன்.

அவன் போனதும் என்ன செய்தேன் தெரியுமா? உப்புத்தாளை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை. கை தானாகப் போய் எடுத்தது. சுத்தம் செய்து மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நாள் ஓடும் என்று ஒரு கள்ள எண்ணம். நாலு பிளக்கையும் நன்றாக இழுத்துத் தேய்த்தேன், கல்லில் தட்டினேன். நாலாவதை முடித்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்றிலும் முனை இல்லை. மூக்கறுத்த மாதிரி இருந்தன.

பேப்பரில் சுருட்டி மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

"எனக்கு ஓட்ட வரல"

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா கடைக்கு வந்தாள். கவுண்டருக்கு முன்னால் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பெங்களூரு புரோக்கருகிட்ட பேசிட்டேன் அண்ணி. அடுத்த சனிக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கினு போறேன்னாரு."

"இன்னாத்துக்கு?"

"எனக்கு ஓட்ட வரல. அங்க ஓட்டினேன். அங்க ரோடு அகலம், சிக்னலு எல்லாம் ஒழுங்கு. அதனால ஓட்டிக்கினு இருந்தேன் போல. நான் ஏதோ பெரிய டிரைவருன்னு நெனச்சிட்டேன். நீங்களே சொல்றீங்க கிளட்சு சரியில்லன்னு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரிச் சிரிப்பு. நோயாளியின் வீட்டாரிடம் சிரிக்கிற மாதிரி.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அந்த டிராயருக்கும் ஒரு முழம் தூரம். திறந்து காட்டியிருக்கலாம். "உன் இஷ்டம்" என்றேன்.

எத்தனையோ பேரைத் திருடன் என்று முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறேன். அன்று அவள் படியிறங்கிப் போனபோது நான் அந்தத் திருடர்களுக்கும் கீழே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெசிந்தா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். கறிக்குழம்பு. அருளுக்கு நல்ல எலும்பு கிடைத்துவிட்டால் பேச்சும் வரும்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே ஜெசி. அந்த வண்டியெல்லாம் வயசுப் பசங்க ஓட்டறது. உனக்கு இன்னாத்துக்கு? நாலு பேரு சிரிக்கறான். பொம்பளை ஓட்டற வண்டியா அது?"

எனக்கு ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்துதான் உண்மை வரும், சும்மா வராது.

"வாயை மூடிக்கினு சாப்பிடுங்க. அவ ஓட்டினதுல ஒரு குறையும் இல்ல. வண்டி நின்னது பிளக்கால. தப்பான பிளக்கு. நான் குடுத்த பிளக்கு."

ஜெசிந்தா சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"நாலு பேரு முன்னால என்னை மாட்டு வண்டிக்காரின்னு சொன்ன. சரி, அப்ப உனக்குத் தெரியாது. தெரிஞ்ச அப்புறம் அஞ்சு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த நீ?"

அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"உப்புத்தாள் போட்டுக்கினு இருந்தேன்" என்றேன்.

அருள் சிரித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்ததும் எலும்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜெசிந்தா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மன்னிக்கவும் இல்லை. "ஸ்டூல்ல வந்து குந்தி, ஓட்ட வரலன்னு சொன்னேனே, அப்பகூட உன் இஷ்டம்ன்னியே" என்றாள். "அந்த வார்த்தைய சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து எதிரே நின்றாள்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. ஒழுங்கா ஒரு பிளக்கு எடுத்துக் குடு. கடைக்கு வர்றவனையெல்லாம் கேப்பியே, அந்தக் கேள்விய என்னை கேளு."

நர்ஸ் நோட்டு

கேட்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஊர்கிறாய், எவ்வளவு நேரம் மிதிக்கிறாய்?

அவள் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வார்டில் நோயாளிக்குக் காய்ச்சல் எழுதுகிற மாதிரி, கார் வாங்கிய நாளிலிருந்து கட்டம் போட்டு எழுதியிருந்தாள். கிளம்பிய நேரம், போன இடம், இன்ஜின் சூடு, எத்தனை சுற்று வரை போனது. நின்றுபோன மூன்று நாளுக்கும் நேரே ஒரே குறிப்பு: கரும்பு வண்டிக்குப் பின்னால் வெகுநேரம்.

நோய் என்ன என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நோட்டைப் பார்த்தால் கதை தெளிவாக இருந்தது. அந்தக் கார் பெரும்பாலும் ஊர்கிறது. எப்போதாவது ரோடு கிடைத்தால் பத்து நிமிஷம் பறக்கிறது. பந்தயக் காருக்கு இந்தப் பிழைப்பு இல்லை.

காரின் முன்பெட்டிக்குள் கம்பெனிப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. காதர் அதைப் பிரித்துப் பிளக் நம்பரைக் கண்டுபிடித்தான். "ரெண்டு படி குளிரு வேணாம்க்கா. செஞ்சவன் இன்னா சொல்றானோ அதையே போடுவோம்."

கோயம்புத்தூர்க்காரருக்கு மறுபடி போன் போட்டேன். "சொன்னாக் கேக்க மாட்டேங்கறீங்க. மலையில ஏத்தி முழுசா மிதிச்சீங்கன்னா பிஸ்டன் ஓட்டைதான். அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

"உங்க காரு டிராக்குல ஓடுது. எங்க காரு டிராக்டரு பின்னாடி ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் சொன்னது நடந்தால் இந்தத் தடவை நிற்பது கார் மட்டுமில்லை, இன்ஜினே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து பஸ் பார்சலில் பிளக் வந்தது. காதர் என்னைப் பட்டறைக்குள் விடவில்லை. வெளியே நிற்க வைத்துவிட்டு மாட்டினான். நாலு நாள் ஜெசிந்தா வேண்டுமென்றே மார்க்கெட் நேரத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் போனாள். ஒரு தடவையும் இருமவில்லை. பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மீதிக் கேள்வி மலையில் இருந்தது.

இரண்டாம் கியர்

சனிக்கிழமை காலை. புரோக்கர் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார். நாங்களும் கிளம்பினோம்.

"பிளக்கு உன்னுது. நீயும் ஏறு" என்றாள் ஜெசிந்தா.

உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. கச்சிராயபாளையம் வரைக்கும் டிராக்டர், டவுன் பஸ், ஆடு, மறுபடி டிராக்டர். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அவளுடைய இடது காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தைக்கு ஊசி போடுகிறவள் கை எப்படி இறங்குமோ அப்படி அந்தக் கால் கிளட்சிலிருந்து எழுந்து வந்தது. ஒரு உதறல் இல்லை. இந்தக் காலையா நான் குறை சொன்னேன்!

கோமுகி அணை தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். சில வளைவுகளுக்குப் பிறகு நேராக ஒரு ஏற்றம் வந்தது. மேலே பார்த்தாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பஸ் இல்லை, பைக் இல்லை, ஆள் இல்லை.

"பிடிச்சிக்கோ."

இரண்டாம் கியர். மிதித்தாள். மீட்டர் முள் நாலாயிரம், ஐயாயிரம். சீட் என் முதுகில் குத்தியது. ஆறாயிரத்தில் சத்தம் மாறியது. அவள் சொன்னது பொய்யில்லை. ஏழாயிரம். எட்டாயிரம். "மாதாவே!" என்று கத்தினேன் என்று அவள் சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. எட்டாயிரத்து ஐந்நூறில் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு எழுபது தடவை பொறி வைக்கிறது. அத்தனை வருஷமாக இந்தச் சாமானை விற்றிருக்கிறேன். அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த உச்சத்திலேயே கிளட்சை அமுக்கிச் சாவியை ஒரு படி திருப்பி இன்ஜினை அணைத்தாள். காதர் சொல்லி அனுப்பியது அப்படித்தான். உச்சத்தில் அணைத்தால்தான் பிளக்கின் நிறம் உண்மையைச் சொல்லும். மெதுவாக வந்து நிறுத்தினால் நிறம் மாறிவிடும். கார் சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு சிறு பாலத்தின் ஓரமாக நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

பாலத்துக்குக் கீழே ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு தாங்கவில்லை, இன்ஜின் ஆபத்தில் இருக்கிறது. கறுத்திருந்தால் குளிர். நடுவில் இருக்க வேண்டும்.

"ஆறட்டும். சூட்டோட கழட்டினா மரை போயிடும்ன்னு காதர் சொன்னான்" என்றாள்.

ஆறவிட்டோம். அவள் போன் அடித்தது. புரோக்கர். "பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேங்க" என்று வைத்தாள். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. ஸ்பேனரை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முதல் பிளக்கை வெளியே எடுத்தேன். எடுத்து வெறும் கையால் பிடித்தேன்.

இன்ஜினுக்கு ஆறியிருந்தது. என் விரலுக்கு ஆறவில்லை. கீழே போட்டால் முனை உடையும், நிறம் அழியும். போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

ஜெசிந்தா குனிந்து, நோயாளியின் நாக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"வெளுக்கல. கறுக்கல. கொப்புளம் இல்ல." பால் கலந்த காபி நிறம். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்குது அண்ணி. ரொம்ப நல்லா இருக்குது."

அதற்குப் பிறகுதான் என் விரல்களைப் பார்த்தாள்.

பிளக்கை என் கையிலிருந்து முந்தானையால் பிடுங்கி சீட்டில் வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று பாலத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். செருப்போடு என்னை ஓடையில் நிறுத்தி, என் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தாள்.

"சார், வண்டி குடுக்கறதா இல்லைங்க. மன்னிச்சிக்கோங்க, திரும்பிப் போயிடுங்க."

அவர் ஏதோ கேட்டார்.

"இல்லைங்க சார். வண்டிக்கும் ஒன்னும் இல்ல, ஓட்டறவளுக்கும் ஒன்னும் இல்ல."

போனை இடுப்பில் செருகினாள். நான் கையை வெளியே எடுக்கப் பார்த்தேன். மறுபடி அமுக்கினாள்.

"இருபது நிமிஷம் ஓடற தண்ணியில இருக்கணும்."

"இருபது நிமிஷமா? மீதி மூணு பிளக்கை யாரு பாக்கறது? விடு, வலிக்குதுடி."

"வலிக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா. கையை விடவில்லை.